இருபத்தொன்றாம் படி

பள்ளியிலிருந்து கொடுத்தனுப்பிய தாளில் பத்துக் கேள்விகள் இருந்தன. வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் அவருடைய சின்ன வயதைப் பற்றிக் கேட்டு எழுதி வர வேண்டும். எந்த ஊரில் பிறந்தீர்கள், என்ன விளையாடினீர்கள், பள்ளிக்கு எப்படிப் போனீர்கள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், சுதந்திரம் வந்த நாள் நினைவிருக்கிறதா. பேத்திக்குப் பத்து வயது. மருமகள் தெலுங்குப் பெண். அதனால் பேத்தி என்னை நானம்மா என்பாள், என் அம்மாவைப் பெரிய பாட்டி என்பாள். தமிழ் தடையில்லாமல் பேசுவாள், எழுத வராது. எழுதுவதெல்லாம் தெலுங்கில்தான்.

2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. கீழே தெருவில் போனாலு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் பூசிய பானை, அதைச் சுற்றி வேப்பங்கொத்து, மேலே ஒரு விளக்கு. அதைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகப் போனார்கள். முன்னால் டப்பு மேளத்தின் சத்தம். 1813இல் ஹைதராபாத், செகந்திராபாத் என்ற இந்த இரட்டை நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது, உஜ்ஜயினியில் இருந்த இவ்வூர்ப் படைவீரர்கள் அங்கே மகாகாளியிடம் வேண்டிக்கொண்டார்களாம். திரும்பி வந்து செகந்திராபாத்தில் அவளுக்குக் கோயில் எடுத்தார்களாம். போனாலுவின் கதையை இங்கே எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். அம்மை நோய்க்கு இங்கே போச்சம்மா. நம் ஊரில் மாரியம்மா.

அம்மா பால்கனிக் கதவைச் சாத்தச் சொன்னாள். என்னோடு இருக்க வந்த 2009இலிருந்து ஒவ்வொரு வருஷமும் இந்த ஞாயிறுகளில் சாத்தச் சொல்வாள். டப்புச் சத்தம் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். அவளுக்குப் பிடிக்காமல் இருந்தது அந்த வேப்பிலை வாசனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் சில கேள்விகளுக்கு அம்மா சொன்ன பதில்கள் யார் வீட்டுப் பாட்டியும் சொல்லக்கூடியவை. பிறந்தது சுவாமிமலைப் பக்கம். அப்பாவுக்குக் கொடிக்கால். வெற்றிலையைக் கிள்ளிக் கவுளி கவுளியாக அடுக்கிக் கும்பகோணத்துக்கு அனுப்புவார்கள். விளையாட்டு பல்லாங்குழி, தட்டாமாலை. கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர்: இரண்டு அண்ணன், ஒரு தம்பி. பேத்தி 3 என்று எழுதினாள். சுதந்திரத்தன்று பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்களாம். அந்த நாளில் ஹைதராபாத் இந்தியாவில் சேரவில்லை, 1948 செப்டம்பரில் ராணுவம் வந்த பிறகுதான் சேர்ந்தது என்று நான் இடையில் சொன்னேன். ‘அப்ப பெரிய பாட்டி இந்தியால இருந்தாங்க, நம்ம குகட்பள்ளி இல்ல’ என்று பேத்தி அதையும் எழுதிக்கொண்டாள்.

கேள்விகள் தீரப்போகும் நேரத்தில் அவள் அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டு இடது தோளுக்குக் கீழே விரலை வைத்தாள். ‘இது என்ன பெரிய பாட்டி, ரூபாய்க் காசு மாதிரி?’

அது தாளில் இல்லாத கேள்வி. அம்மை குத்தின தழும்பு என்று நான்தான் பதில் சொன்னேன். எனக்கும் இருக்கிறது, என் மகனுக்கு இல்லை. பெரியம்மையின் கடைசி நோயாளியை இந்தியா 1975 மே மாதத்தில் பார்த்தது. 1980இல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்த வட்டம் தேவைப்படவில்லை. பேத்தி நான் சொன்னதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தழும்பைத் தடவிக்கொண்டே, ‘குத்தினப்ப அழுதீங்களா?’ என்றாள்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. மெட்ரோ ரயில் ஒன்று மியாப்பூர்ப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. அப்புறம், ‘நான் அழுதேன். அவளுக்குக் குத்தவே இல்லம்மா’ என்றாள்.

யாருக்கு என்று நானும் பேத்தியும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். அறுபது வயதில் எனக்குத் தெரிய வருகிறது.

அது 1947 கார்த்திகை. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்திருக்கிறார். அம்மாவுக்கு ஏழு வயது, ஏற்கெனவே குத்தியாயிற்று. திருகிக் குத்தும் ஊசியும், பின்னால் வந்த காய்ச்சலும் சீழும் மறக்கவில்லை. நாலு வயதுத் தங்கைக்கு இன்னும் குத்தவில்லை. ‘தங்கச்சிய அழைச்சுக்கிட்டு வா’ என்று பாட்டி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லியனுப்பியிருக்கிறாள். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் குதிர் காலியாக இருக்கும். அம்மா தங்கையை அதற்குள் இறக்கிவிட்டுத் தானும் இறங்கிக்கொண்டாள். வெளியே பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கக் கேட்க இரண்டு பேருக்கும் சிரிப்பு. ஒருத்தி வாயை ஒருத்தி பொத்திக்கொண்டார்கள். அவர் போன பிறகு வெளியே வந்தார்கள். யார் யோசனை இது என்று பாட்டி கேட்டாள். அம்மா தங்கையைக் கைகாட்டினாள். அடி தங்கைக்கு விழுந்தது.

பங்குனியில் தங்கைக்கு முத்துப் போட்டது. தலைக்குத் தண்ணீர் விட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்குள் போய்விட்டாள். மாரி வந்த வீட்டில் அழக்கூடாது, அழுதால் அவள் கோபம் மற்றப் பிள்ளைகள் மேல் திரும்பும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பாட்டி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தூணோடு உட்கார்ந்திருந்தாளாம். வீடு முழுக்க வேப்பிலை. பச்சை மண்ணுக்கு எரியூட்டல் கிடையாது என்று ஆற்றங்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மாரி கூப்பிட்டுக்கொண்டவளின் பெயரைச் சொல்லி மறுபடி அழைக்க வேண்டாம் என்று அந்தப் பெயரையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். குதிருக்குள் இறக்கியது யார் என்பதை அம்மா தன் அம்மாவிடமோ அண்ணன்களிடமோ என் அப்பாவிடமோ சொன்னதில்லை.

பேத்தி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். ‘பெரிய பாட்டி, அப்ப நீங்க என்னைவிட மூணு வயசு சின்னவங்க. அந்தப் பாப்பாவ நீங்க திட்டாதீங்க.’

அம்மா சொன்னாள்: ‘அந்தப் பாப்பா வேற யாரும்மா? நான்தான் அது.’

இந்த இரண்டு வாக்கியங்களையும் விட்டு என்னால் இன்று வரை நகர முடியவில்லை. கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். எதைக் கேட்டாலும் அலமாரிப் பக்கம் மனம் போகும். முதலில் போனது ‘மிலிந்தன் கேள்விகள்’ என்ற பாலி நூலுக்கு. கிரேக்க வழியில் வந்த அரசன் மிலிந்தன், நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்வி கேட்கிறான். தொட்டிலில் மல்லாந்து கிடந்த குழந்தையும் இன்று வளர்ந்து நிற்கும் நீங்களும் ஒருவர்தானா என்று நாகசேனர் அவனையே திருப்பிக் கேட்கிறார். இல்லை, வேறு என்கிறான் அரசன். அப்படியானால் உங்களுக்குத் தாய் தந்தை யாரும் இல்லையே, குற்றம் செய்தவன் ஒருவனாகவும் தண்டனையில் கைகால் இழப்பவன் வேறொருவனாகவும் ஆகிவிடுமே என்கிறார் அவர். இரவெல்லாம் எரியும் விளக்கு அவர் தரும் உவமை. முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றே என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது.

என் பேத்தி சொன்னது அரசனின் பதில். அம்மா சொன்னது பிக்குவின் மறுப்பு. இரண்டு பேரும் அந்த நூலைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

தமிழில் குண்டலகேசி இருக்கிறது. முழு நூல் தொலைந்து பத்தொன்பது பாடல்களே மிஞ்சிய பௌத்த காப்பியம். குழந்தையாக இருந்தது செத்துத்தான் சிறுவனாகிறோம், அது செத்துத்தான் இளைஞனாகிறோம், நாள்தோறும் நாமே செத்துக்கொண்டிருக்கும்போது நமக்காக ஏன் அழுவதில்லை என்று அதில் ஒரு பாடல் கேட்கும். படித்த காலத்தில் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. பெரிய பாட்டியின் கையைத் தடவிக்கொண்டிருந்த அந்தச் சின்ன விரலைப் பார்த்த பிறகு ஆறுதல் குறைந்துவிட்டது. ஏழு வயதுப் பெண் செத்துவிட்டாள் என்றால் அந்தக் குதிருக்குள் இருந்த இருவருமே இல்லை என்றாகிவிடும். அங்கே சிரித்ததற்கு ஒரு சாட்சியும் மிஞ்சாது.

நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் ஒரு எளிய வாதத்தோடு தொடங்குகிறது. கண்ணால் கண்டதையே கையால் தொடுகிறேன், அதே பொருள்தான் என்று அறிகிறேன். கண்ணும் கையும் வேறு வேறு, ஆகவே கண்டதையும் தொட்டதையும் ஒன்று சேர்த்து அறிகிற ஒருவர் இருக்க வேண்டும், அதுவே ஆன்மா. இந்த வாதத்தை வறண்ட தர்க்கமாகவே வைத்திருந்தேன். அன்று தழும்பை அம்மா தானே ஒரு முறை தொட்டுப் பார்த்தாள், அப்போது இந்த வாதத்தின் கனம் தெரிந்தது. சின்ன வயதில் எரிந்த இடத்தை எண்பத்து நான்கு வயதுக் கை தொடுகிறது. நடுவில் ஓர் ஆள் இல்லாமல் இது நடக்காது.

நூலகத்தில் புனித அகுஸ்தீனாரின் ‘ஒப்புதல்கள்’ எப்போதும் நாலைந்து படி இருக்கும். கிட்டத்தட்ட 397இல், நாற்பது கடந்த ஆயராக எழுதத் தொடங்கியது. பதினாறு வயதில் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காயைத் திருடியதற்காக அதில் பக்கம் பக்கமாக வருந்துவார். நினைவே இல்லாத கைக்குழந்தைப் பருவத்தில் தான் செய்த பாவம் என்ன, அதை யார் தனக்குச் சொல்வார்கள் என்றுகூடக் கேட்பார். அவர் தன் குற்றத்தைக் கடவுளிடம் சொன்னார். கடவுளுக்கு அது முன்பே தெரியும். அம்மா சொன்னது, அது தெரியாத ஒருத்தியிடம், அதுவும் பத்து வயதுக்காரியிடம். எது கடினம் என்று எனக்குச் சந்தேகமில்லை.

மருமகளுக்கு மனவருத்தம். ‘இதையெல்லாம் சின்னப் பிள்ளைகிட்ட சொல்லலாமா அத்தய்யா? ராத்திரி அது தூங்கல’ என்றாள். அவள் கவலையில் நியாயம் உண்டு. அன்று இரவு பேத்தி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அந்தத் தங்கச்சிப் பாப்பா இப்போது எங்கே இருக்கிறாள் என்று இரண்டு முறை கேட்டாள். சாமியிடம் என்று சொல்ல வாய் வந்தது. எந்தச் சாமி, எடுத்துக்கொண்டதே அந்தச் சாமிதான் என்றல்லவா சொல்லி வைத்திருந்தார்கள் என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். உபநிடதக் கதையில் நசிகேதன் யமன் வீட்டு வாசலில் நின்று இதே கேள்வியைக் கேட்டபோது அவனும் சிறுவன்தான். இதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் கேள் என்று யமனே தயங்கியிருக்கிறான். ஆனாலும் கடைசியில் பதில் சொன்னான். சிறுவன் என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

அம்மாவின் ஊர்க் கோயிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சுவாமிமலையில் முருகன் தகப்பனுக்கு உபதேசம் செய்தவன். மேலே ஏற அறுபது படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். பிரபவ முதல் படி, அட்சய கடைசிப் படி. அம்மா பிறந்த விக்கிரம வருஷம் பதினான்காம் படி. தங்கை பிறந்தது சுபானு, பதினேழாம் படி. அண்ணன்மாரோடு போகும்போது ஆளுக்கொரு படியில் நின்று ‘இது என் வீடு’ என்று கத்துவார்களாம். தங்கை இறந்துபோன வருஷம் சர்வசித்து. சுதந்திரம் வந்ததும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்ததும் அதே வருஷம்தான். அது இருபத்தொன்றாம் படி.

அறுபது வருஷம் கழித்து, 2007 சித்திரையில், சர்வசித்து மறுபடி பிறந்தது. அந்த மே மாதம் நாங்கள் சுவாமிமலைக்குப் போயிருந்தோம். படி ஏறும்போது அம்மா ஓரிடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். ‘முட்டிதான்’ என்றாள். தண்ணீர் கொடுத்து, கால் பிடித்துவிட்டு, மெல்ல மேலே கூட்டிப்போனேன். எத்தனையாவது படி என்று நான் எண்ணவில்லை. 2024 ஜூலையின் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா சொன்னாள்.

அவள் பக்கத்திலேயே பதினைந்து வருஷம் இருந்தும் நான் ஏன் கேட்கவில்லை? மகள்கள் அம்மாக்களிடம் கேட்பதில்லை. மாத்திரை போட்டாயா என்று கேட்போம், சாப்பிட்டாயா என்று கேட்போம். அவளும் ஒரு காலத்தில் ஏழு வயதில் இருந்தாள் என்று நம் மனதுக்கு ஏறுவதேயில்லை. பேரப்பிள்ளைக்கு ஏறுகிறது. அதற்குத் தன் வயதும் அந்த வயதும் பக்கத்துப் பக்கத்துப் படி.

யாராவது போய்க் கேட்டால்தான் வாய் திறக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே பெரிய சான்று உண்டு. 1980களில் ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற ஹைதராபாத் பெண்கள் குழு ஒன்று, 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் இருந்த பெண்களைத் தேடிப் போய்ப் பேச வைத்துப் பதிவு செய்தது. 1986இல் தெலுங்கில் புத்தகமாக வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நமக்குத் தெரியாத நம் வரலாறு’. போராடிய சாகலி அய்லம்மாவின் குரல் அதில் உண்டு. அவர் 1985இல் இறந்துவிட்டார். கேட்கப் போனவர்கள் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருந்தால் அந்தக் குரல் இல்லை. இன்று கோட்டி மகளிர் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர். அந்தப் புத்தகத்தைப் பல வருஷம் மாணவிகளுக்கு நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், என் வீட்டில் யாரையும் கேட்க வேண்டும் என்று தோன்றாமலே.

பிறக்கும்போதே தேவருக்கும் முனிவருக்கும் முன்னோருக்குமாக மூன்று கடனோடு பிறக்கிறோம் என்பார்கள். முன்னோர் கடனை எள்ளும் தண்ணீரும் பிள்ளைப்பேறும் தீர்க்கும் என்பது வழக்கம். எங்கள் வழக்கத்தில் பால்பல் விழாத குழந்தைக்குத் திதி இல்லை. அதற்கு ஒரு கடனும் இல்லை, யாருக்கும் அதனிடம் கடன் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவின் தங்கைக்கு அழுகை இல்லை, திதி இல்லை, ஒரு புகைப்படம் இல்லை, புதைத்த இடத்துக்கு அடையாளமில்லை, பெயரும் இல்லை. எழுபத்தாறு வருஷமாக அவளுக்கென்று உலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, என் அம்மாவின் குற்ற உணர்வு. அதையும் விட்டுவிட்டால் அந்தக் குழந்தை அநாதை. ‘நான்தான் அது’ என்று அம்மா சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவள் மன்னிப்பைக் கேட்கவே இல்லை. தூக்கிக்கொண்டிருப்பதைக் கீழே வைக்க அவளுக்கு மனமில்லை. கூட ஒரு கை பிடித்தால் போதும் என்றிருந்திருக்கிறாள்.

ஆகவே மருமகளிடம் சொன்னேன்: பிள்ளைக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போனது நிஜம். போகட்டும். முன்னோர் கடன் என்று ஒன்று உண்டென்றால் அதைக் கொடுக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. எள் இறைப்பவர்களைவிட இந்தப் பத்து வயதுக்காரி அதிகம் கொடுத்துவிட்டாள். மருமகள் ஒப்புக்கொண்டாளா என்று தெரியாது. மறுநாள் பெரிய பாட்டிக்கு இளநீர் வாங்கி வந்தாள்.

திங்கட்கிழமை தாளைப் பள்ளியில் கொடுக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலமே பேத்தி அதை எடுத்து வைத்துக்கொண்டு, கூடப் பிறந்தவர்கள் என்ற இடத்தில் 3 என்பதை ரப்பரால் அழித்தாள். 4 என்று போட்டாள். கீழே பெயர்கள் எழுத இடம் இருந்தது. நாலாவது வரியில் நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். அதில் ஒரு ழ உண்டு என்பதை மட்டும் சொல்லலாம். தெலுங்கில் அந்த எழுத்து பழங்காலக் கல்வெட்டுகளில் இருந்து, பிறகு வழக்கொழிந்துவிட்டது. பேத்தி ள போட்டு எழுதிப் படித்துக் காட்டினாள்.

‘அது அவ இல்ல’ என்றாள் அம்மா.

பென்சிலை வாங்கி, நடுங்கும் கையால், தாளின் ஓரத்தில் ழ எழுதிக் காட்டினாள். பேத்தி பார்த்து எழுதினாள். கீழே இறங்கும் சுழி முதல் தடவை பக்கத்து எழுத்தில் இடித்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். எழுதியதைச் சொல்ல வரவில்லை. நாக்கை மடித்து மேலண்ணத்துப் பக்கம் கொண்டுபோ, தொடாதே என்று அம்மா தன் வாயைத் திறந்து காட்டினாள். நாலைந்து முறை ளவும் யவும் கலந்து ஏதோ வந்தது. அப்புறம் ஒரு முறை சரியாக வந்தது. முழுப் பெயரும்.

கீழே டப்புச் சத்தம் எப்போதோ ஓய்ந்திருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

‘இன்னொரு தரம் கூப்பிடு’ என்றாள்.